சிங்கப்பூரில் என் மாணவ நாட்களும் நம் முன்னோரின் தடங்களும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில், சிங்கப்பூரில் ஆய்வுப் படிப்பை முடித்துத் திரும்பிய நமதூர் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



  

வெளிநாட்டில் எப்படிப் படித்தாய், என்ன சாப்பிட்டாய், எங்கே தொழுதாய், விடுமுறை நாட்களில் எதையெல்லாம் பார்த்தாய் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆய்வுக்கூடத்தில் குடுவைகளோடு பழகியவன். ஆகவே கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டு, முடிவில் இந்த ஜமாஅத்திடம் ஒரே ஒரு கோரிக்கையை வைத்துவிட்டு அமர்கிறேன்.

புறப்பாடு

திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் வேதியியல் பயின்றபின், 2016 ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். ஆய்வு உதவித்தொகை கிடைத்ததால் படிப்புக் கட்டணம் என் தந்தையாரின் தோளில் விழவில்லை. ஆயினும் முதல் மாதச் செலவுக்கும் விமானச் சீட்டுக்கும் இந்த ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தீர்கள். அந்த நன்றியை முதலில் பதிவு செய்கிறேன்.

திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். என் பூட்டனார், அதாவது என் பாட்டனாரின் தந்தையார், 1930-களில் அதே ஊருக்குப் போனவர். அறந்தாங்கியில் ரயில் ஏறி, நாகப்பட்டினம் சென்று, அங்கிருந்து ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா 1970-களின் தொடக்கம் வரை நம் கடற்கரை ஊர்களின் சபராளிகளை ஏற்றிச் சென்றது. அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் கண் கலங்கும் மூத்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள்.

நான் புறப்பட்ட அன்று என் பாட்டனார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். சூலியா தெருக் கடையொன்றிலிருந்து அவருடைய தாயாருக்கு வந்த கடிதம். “தங்கள் கணவர் காலமாகிவிட்டார். பிதாதாரி மையவாடியில் அடக்கம் செய்தோம்” என்ற செய்தி அதில் இருந்தது. தேதி எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. “ஐம்பத்து மூன்றோ நாலோ இருக்கும். போன இடத்தில் நேரம் கிடைத்தால் அத்தாவின் கப்ரைப் பார்த்து ஒரு யாசீன் ஓதிவிட்டு வா” என்றார். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அன்றாட வாழ்க்கை

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. விமான நிலையப் பலகையில் தமிழ், பண நோட்டில் தமிழ். நம் மொழிக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி முதல் நாளே மனத்தில் எழுந்தது. விடை பின்னால் வருகிறது.

பல்கலைக்கழகம் கென்ட் ரிட்ஜ் என்னும் குன்றின் மீது பரந்து கிடக்கிறது. ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் செல்லக் கட்டணமில்லாப் பேருந்து உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடாகையால் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். சுப்ஹுத் தொழுகை ஐந்தே முக்கால் மணியளவில், மஃக்ரிபு ஏழு மணியளவில். ஆண்டு முழுதும் இதில் பெரிய மாற்றமில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடம் புகுந்தால் இரவு எட்டு மணி ஆகும். சோதனை ஒன்று தோற்றால் நள்ளிரவும் ஆகும். பல்கலைக்கழகத்தில் தொழுகை அறைகள் உண்டு. லுஹரையும் அஸரையும் அங்கே ஜமாஅத்தாகத் தொழ முடிந்தது.

உணவைப் பற்றிப் பெற்றோர்களுக்குக் கவலை இருக்கும். அங்கே ‘முயிஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1968-இல் நிறுவப்பட்டது. ஹலால் சான்றிதழ் வழங்குவது அதன் பொறுப்பு. சிற்றுண்டிச் சாலையில் அந்த முத்திரையைப் பார்த்து அச்சமின்றி உண்ணலாம். ஆயினும் மூன்று வேளையும் வெளியே உண்டால் உதவித்தொகை கரைந்துவிடும். ஆகவே விடுதியின் பொதுச் சமையலறையில் நானே சமைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டைப் பொரித்தபோது புகையறியும் கருவி அலறி, மாடி முழுவதும் மாணவர்கள் படியிறங்கி ஓடினார்கள். வெட்கத்தால் தலைகுனிந்து நின்றேன். பக்கத்து அறைச் சீன நண்பரோ, எங்கள் வீட்டிலும் இதே வாடைதான் என்று சிரித்து, தட்டை நீட்டி இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார். அன்று தொடங்கிய நட்பு இன்றும் நீடிக்கிறது.

ஜும்ஆவுக்குக் கிளமெண்டி சாலையிலுள்ள தெந்தரா திராஜா மஸ்ஜிதுக்கு நடந்தே செல்வேன். பிரிட்டிஷ் படையிலிருந்த மலாய்ச் சிப்பாய்களுக்காகக் கட்டப்பட்ட பள்ளி அது. இங்கே ஒரு செய்தியை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். 1975 முதல் அந்நாட்டில் பணிபுரியும் முஸ்லிம்களின் மாத ஊதியத்திலிருந்து பள்ளிவாசல் கட்டும் நிதிக்கு ஒரு சிறு தொகை பிடிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அது வெறும் 50 காசு. அந்த நிதியில் எழுந்த முதல் பள்ளியான முஹாஜிரீன் 1977-இல் திறக்கப்பட்டது. பின்னர் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கும் அந்த நிதி விரிவுபடுத்தப்பட்டது. கொடுப்பது சிறிதானாலும் மாதந்தோறும் தவறாமல் கணக்கில் ஏறுகிறது என்பதே அதன் பலம்.

சனிக்கிழமைகள்

வெளிநாட்டு மாணவனுக்கு வார இறுதி என்பது துணி துவைக்கும் நாள், வீட்டுக்குப் பேசும் நாள், ஊர் சுற்றும் நாள். எல்லாரும் பார்ப்பதை நானும் பார்த்தேன். நீர் உமிழும் சிங்கத் தலைச் சிலை, மரினா கடற்கரையோரத்து வானுயர் கட்டடங்கள், 1859-இல் தொடங்கப்பட்டு 2015-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தாவரவியல் பூங்கா, எல்லாம் அழகுதான். ஆனால் இரண்டு மாதத்தில் அவை முடிந்துவிட்டன. அதன்பிறகு நான் சுற்றியவை நம்மவர் கால் பதித்த தெருக்கள்.

முதலில் தெலுக் ஆயர் தெரு. இன்று அதைச் சுற்றி அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன, கடல் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அதுதான் கடற்கரை. படகிலிருந்து இறங்கிய பயணி முதலில் மிதித்த மண் அது. பத்திரமாகக் கரை சேர்த்த இறைவனுக்கு நன்றி செலுத்தும் இடங்களை மக்கள் அங்கேயே அமைத்துக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா கட்டடம் அங்கே உள்ளது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபு மையமாக விளங்குகிறது. சில எட்டு வைத்தால் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில். அதையும் கடந்தால், 1827-இல் குடிசைப் பள்ளியாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்று நம்மவர் அழைத்த அல்-அப்ரார் மஸ்ஜித்.

அங்கிருந்து நடைதூரத்தில் சவுத் பிரிட்ஜ் சாலை. 1826-இல் அன்சார் சாகிப் தலைமையில் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளி, இரட்டை மினாராக்களோடு, நாகூரின் சாயலோடு நிற்கிறது. நம் தமிழ் முஸ்லிம்களை அக்காலத்தில் சூலியாக்கள் என்றே அழைத்தனர். அதே சாலையில், கூப்பிடு தூரத்தில், 1827-இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். பள்ளியின் ஓரத்துத் தெருவுக்குப் பள்ளிவாசல் தெரு என்றும், கோயிலின் ஓரத்துத் தெருவுக்குக் கோயில் தெரு என்றும் பெயர். நம் மாவட்டத்தில் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தவரும் வந்து போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சாலை அந்நியமாகத் தோன்றவில்லை. அந்தப் பள்ளியில் முதன்முறை தமிழில் குத்பா கேட்ட வெள்ளிக்கிழமை, ஊரை விட்டு வந்த ஏக்கம் பாதி தணிந்தது.

மூன்றாவதாக, டன்லப் தெருவில் உள்ள அப்துல் கபூர் பள்ளி. இன்றைய கட்டடத்தின் பணி 1907-இல் தொடங்கியது. பள்ளிக்குச் சொந்தமான நிலத்தில் முதலில் கடைகளையும் வீடுகளையும் கட்டி, அவற்றின் வாடகையைக் கொண்டு பள்ளியை எழுப்பினார்கள். வக்ஃபு நிர்வாகத்திற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. வாயிலின் மேலே கதிரவன் வடிவ அலங்காரம் ஒன்று உண்டு. 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். ரமளானில் அங்கே காய்ச்சிய நோன்புக் கஞ்சியை வாயில் வைத்தபோது, நம் பள்ளியின் கஞ்சித் தொட்டியருகே கிண்ணத்தோடு நின்ற சிறுவனாக ஆகிவிட்டேன்.

நான்காவதாகச் சொல்லும் பள்ளி நம்மவர் கட்டியதன்று, மலாய் மன்னர் பெயரால் அமைந்த சுல்தான் பள்ளி. அதன் பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் ஒரு கருநிறப் பட்டை ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். செல்வர்கள் பணம் கொடுத்தார்கள். கொடுக்க ஏதுமில்லாத ஏழைகள் காலிப் புட்டிகளைக் கொடுத்தார்கள். அவர்களுடைய பங்கும் பள்ளியின் தலைமீது இருக்க வேண்டும் என்று கருதி அவற்றை அப்படிப் பதித்தார்களாம். அதன்கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபோது மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் தோன்றியது. புட்டிகள் இருக்கின்றன. கொடுத்தவர்களின் பெயர்கள்?

ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பகுதிக்குச் சென்றால் நம் மாவட்டமே அங்கே இருக்கும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, ஆலங்குடி, கீரனூர் என்று எல்லாப் பக்கத்துக் குரலும் கேட்கும். வாரம் ஆறு நாள் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள், ஒரு மாலைப் பொழுது புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். “தம்பி படிக்கவா வந்திருக்கீங்க?” என்று அவர்கள் கேட்கும்போது குரலில் பொறாமை இருந்ததில்லை. சொந்தத் தம்பியைப் பார்க்கும் பெருமைதான் இருந்தது.

2013 டிசம்பர் 8-ஆம் நாள், ஒரு ஞாயிறு இரவு, அந்தப் பகுதியில்தான் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த தொழிலாளர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரம் உலகச் செய்தியாயிற்று. வாகனங்கள் எரிந்த கதையைப் பலரும் பேசினர். கட்டுமான வேலைக்குச் சென்ற ஒரு மகனின் உடல் பெட்டியில் திரும்பி வந்த வீட்டைப் பற்றிப் பேசியவர் குறைவு. அந்தச் சந்திப்பைக் கடக்கும்போதெல்லாம் அந்த நினைவு வரும்.

ஒரு ஞாயிறு, அறந்தாங்கிப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கையில் ஏற்பட்ட காயத்திற்கான மருத்துவ விடுப்பு பற்றிய கடிதம். படித்துச் சொன்னேன், பதிலும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவரோடு மூவர் வந்தார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அதே மரத்தடியில் காகிதங்களைப் படித்துச் சொல்வது எனக்கு வழக்கமாயிற்று. பல்கலைக்கழகத்தில் நான் கற்றதற்குச் சமமாக அந்த மரத்தடியில் கற்றேன். சம்பளச் சீட்டில் பெயர் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம், ஊரில் குடும்ப அட்டையில் மற்றொரு விதம். ஒரே மனிதர் மூன்று காகிதங்களில் மூன்று பேராக இருக்கிறார்! நலமாக இருக்கும்வரை இது சிரிப்புக்குரியது. விபத்து நேர்ந்தால், உறவை நிரூபித்து உரிமையைப் பெற வேண்டிய குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது.

பிதாதாரியைத் தேடி

பாட்டனாரின் ஆணையை நான் மறக்கவில்லை. எங்கே தொடங்குவதென்று தெரியாமல், விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்திற்குச் சென்றேன். 2005-இல் திறக்கப்பட்ட 16 மாடிக் கட்டடம். அங்கேதான் நான் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்தது. நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவர் இயற்றிய ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872-இல் சிங்கப்பூரில் அச்சானது. அங்கே அச்சாகி இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையது அதுவே. 1887-இல் சி.கு. மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ வார இதழைத் தொடங்கினார். பண நோட்டில் தமிழ் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அச்சு எழுத்தில் தமிழை அங்கே ஏற்றியவர்களில் நம் சமுதாயத்தவர் முன்வரிசையில் இருந்திருக்கிறார்கள். எழுதி வைத்ததால் அவர்கள் பெயர் எனக்குத் தெரிந்தது.

என் பூட்டனார் எழுதுபவர் அல்லர், கடையில் மூட்டை சுமந்தவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் மூன்றரை ஆண்டுக் காலம் வீட்டுக்குக் கடிதமே இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் அவருடைய மனைவி காத்திருந்தார். போர் முடிந்து மீண்டும் கடிதம் வந்தது, பணம் வந்தது, ஆனால் ஆள் வரவில்லை. அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று ஆண்டுகள் போயின. கடைசியில் நான் சொன்ன அந்தக் கடிதம் வந்தது.

2018-இல் ஒரு சனிக்கிழமை, உட்லீ ரயில் நிலையத்தில் இறங்கி பிதாதாரியைத் தேடிச் சென்றேன். அங்கே மையவாடி இல்லை! வேலியடைத்து அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1972-இல் மூடப்பட்ட அந்த அடக்கத்தலம், வீட்டுத் தேவைக்காக 2001-க்கும் 2006-க்கும் இடையில் முழுவதுமாகத் தோண்டி அகற்றப்பட்டது. ஏறத்தாழ 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கப்ருகளும் அங்கே இருந்தன. குறிப்பிடத்தக்க சிலரின் நினைவுக் கற்கள் மட்டும் அருகில் ஒரு சிறு பூங்காவில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். கடை ஊழியருக்கு அங்கே கல் இல்லை.

நிலம் மிகக் குறைந்த நாடு அது. 1998 முதல், எந்தக் கப்ரும் 15 ஆண்டுக்குப்பின் தோண்டப்படலாம் என்பதே அங்குள்ள விதி. அடக்கம் செய்வதற்கு இன்று திறந்திருப்பது சுவா சூ காங் ஒன்றுதான். பிதாதாரியின் முஸ்லிம் கப்ருகளில் எடுக்கப்பட்டவற்றையும் அந்தப் பகுதிக்கே கொண்டுசென்று மார்க்க முறைப்படி மீண்டும் அடக்கினார்கள். உறவினர்கள் முன்வந்து பதிவு செய்யும்படி அறிவிப்பும் செய்திருந்தார்கள். அந்த அறிவிப்பு வந்த காலத்தில் என் பாட்டனார் இதே ஊரில்தான் இருந்தார். கடல் கடந்து செய்தியை அவரிடம் கொண்டுவர யாருமில்லை. இந்த ஊரில் ஒருவருக்கு அங்கே கப்ரு உண்டு என்பதை அறிந்தவரும் இல்லை.

அடுத்த வாரம் 172 எண் பேருந்தில் ஏறிச் சுவா சூ காங் சென்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாகக் கப்ருகள். அதற்கு முன்பே ஓர் அலுவலகத்தில் விசாரித்திருந்தேன். பெயரையும் இறந்த தேதியையும் கொடுங்கள், தேடிப் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் பெயரோ, நம் ஊரிலேயே பத்து வீடுகளில் இருக்கும் பெயர். அதை ஆங்கிலத்தில் எழுத ஏழெட்டு விதம் உண்டு. தேதியைக் கரையான் தின்றுவிட்டது. வரிசைகளின் ஓரத்தில் நின்று, பொதுவாக எல்லாருக்குமாக யாசீன் ஓதி துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன். இரவு பாட்டனாரிடம் தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “எல்லாருக்கும் ஓதினாயல்லவா? அதில் அத்தாவும் இருப்பார்” என்றார். அடுத்த ஆண்டு அவரும் இறையடி சேர்ந்தார்.

2020-ஆம் ஆண்டு

2020 மார்ச் மாதம் கொரோனா நோய் காரணமாக அங்குள்ள பள்ளிவாசல்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊரடங்கு. ரமளான் முழுவதையும் விடுதி அறையில் தனியாகக் கழித்தேன். தராவீஹ் தனியாக, இஃப்தார் தனியாக. மே 24 நோன்புப் பெருநாள். சீன நண்பர் முகக்கவசத்தோடு கதவைத் தட்டி, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அறைக்குள் தனியாக இருந்தேன். தொழிலாளர் தங்குவிடுதிகளிலோ ஓர் அறையில் பலர். நோய் அங்கேதான் மிக அதிகமாகப் பரவியது. அவை முழுவதுமாக அடைக்கப்பட்டன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மரத்தடியில் கடைசியாகக் கூடிய ஞாயிறன்று, அந்த அறந்தாங்கிப் பக்கத்துச் சகோதரர் ஒரு துண்டுச்சீட்டை என்னிடம் கொடுத்தார். “எனக்கு ஏதாவது ஆயிட்டா ஊர்ல யாருக்குச் சொல்லணும்னு எழுதியிருக்கேன் தம்பி. உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். மனைவி பெயர், தம்பியின் தொலைபேசி எண், கடவுச்சீட்டு எண், கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், அவ்வளவும் அதில் இருந்தன. அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் அல்லர், நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரும் அல்லர். ஆனால் எழுதி வைப்பதன் அருமையை எனக்குக் கற்றுத் தந்தவர் அவரே. நோயுற்று, நலம் பெற்று, இன்று ஊரில் நலமாக இருக்கிறார். அந்தச் சீட்டை அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் கிழிக்கவில்லை.

என் கோரிக்கை

2021 ஜனவரியில் ஊர் திரும்பினேன். ஒரு நாள் நம் பள்ளியின் பழைய நிகாஹ் பதிவேடுகளை அடுக்கி வைக்கும் பணியில் முஅத்தின் அவர்களுக்கு உதவினேன். அவற்றுள் என் பாட்டனாரின் நிகாஹ் பதிவைக் கண்டேன். 1952-ஆம் ஆண்டு. மணமகனின் தந்தை என்ற இடத்தில் என் பூட்டனாரின் பெயர். அருகிலேயே அன்றைய கத்தீபு சாஹிப் தம் அழகிய கையெழுத்தில் ‘சிங்கப்பூர் சபர்’ என்று இரண்டு சொற்களை எழுதி வைத்திருக்கிறார். ஆக, அந்த நாளில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். மகனின் நிகாஹுக்கு வர முடியாமல் அங்கே இருந்திருக்கிறார்!

கடல் கடந்து நான்கரை ஆண்டு தேடியும் கிடைக்காத ஒரு நிச்சயமான தேதி, என் வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில், இந்தப் பள்ளியின் அலமாரியில் இருந்திருக்கிறது. புறப்படும் முன் இதைப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று. இப்போது அந்தத் தேதியைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இன்ஷா அல்லாஹ் அந்த இடத்தில் நின்று ஓதுவேன்.

பெரியோர்களே! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை இடம்பெற்ற அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது என்று உலமாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணத்திற்கே இத்தனை விரிவு என்றால், மனிதர்களை எழுதாமல் விடலாமா? நம் ஜமாஅத்தில் தலைக்கட்டு வரிக்குப் புத்தகம் இருக்கிறது, நிகாஹுக்குப் பதிவேடு இருக்கிறது. சபர் போனவர்களுக்கு ஒரு பதிவேடு இல்லை.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், தந்தை பெயர், சென்ற நாடு, சென்ற தேதி, வேலை பார்க்கும் அல்லது படிக்கும் இடம், அங்கே அறிந்த ஒருவரின் எண், இங்கே செய்தி சொல்ல வேண்டியவரின் எண், இவ்வளவுதான் வேண்டும். முன்னரே போய் அங்கேயே மௌத்தானவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டும். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த மையவாடி என்று நினைவிருக்கும் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுத வேண்டும். பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், ரங்கூன், கொழும்பு, சவூதி என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லும் வாய்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. இந்தப் பணியை நானும் என் நண்பர்கள் இருவரும் ஊதியமின்றிச் செய்து தரத் தயாராக இருக்கிறோம். நிர்வாகக் குழுவின் அனுமதி ஒன்றே வேண்டும்.

வெளிநாடு செல்ல விரும்பும் மாணவச் செல்வங்களுக்கும், குறிப்பாக மாணவிகளுக்கும், ஒரு சொல். தாராளமாகச் செல்லுங்கள். சமைக்கக் கற்றுக்கொண்டு செல்லுங்கள். கருவாடு பொரிக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்! சனி, ஞாயிறுகளில் உயரமான கட்டடங்களைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஊரில் நம் மண்ணின் மனிதர்கள் உழைத்த தெருவையும், உழைத்துக்கொண்டிருக்கும் இடத்தையும் ஒரு முறையேனும் சென்று பாருங்கள். ஓர் ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்ல உங்களால் முடியும். அங்கே அது பெரிய உதவி.

புறப்படும் முன் இந்தப் பள்ளிக்கு வந்து உங்கள் பெயரை அந்தப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். முதல் பக்கத்தில் என் பூட்டனாரின் பெயரை எழுத அனுமதி தாருங்கள். இறந்த தேதிக்கான இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டு வைக்கிறேன்.

சபரில் மறைந்த நம் முன்னோர் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்தருள்வானாக! சபரில் இருப்போரை நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.